இருக்கிற மெஷினைக் காப்பாற்றுங்கள்: தமிழ்நாட்டு கேமர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

2023 டிசம்பர் 4-ஆம் தேதி விடிகாலை எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மிக்ஜாம் புயல் அப்போது கரையைக்கூடக் கடந்திருக்கவில்லை. கடலில் இருந்தபடியே சென்னையின் மேல் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. வேளச்சேரியில் தரைத்தள வீடு எங்களுடையது. அம்மாவை மாடிவீட்டில் கொண்டுபோய் விட்டு, கேஸ் சிலிண்டரைக் கட்டில்மேல் ஏற்றி, அரிசி டின்னைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுத் திரும்பினேன். மேசைக்கு அடியில் தரையில் நின்றிருந்த என் சிபியு பாதி உயரத்துக்கு மூழ்கியிருந்தது. கரண்ட் முந்தின இரவே போயிருந்தது. அதைக் காப்பாற்றியது அந்தக் கரண்ட் கட்டுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

தண்ணீர் வடிய நான்கு நாள் ஆயிற்று. மெஷினை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்ச் சாய்த்தபோது உள்ளிருந்து சேறு வழிந்தது. அடுத்த வாரம் ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி இடத்தில் கடை வைத்திருக்கிற மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி:

“தண்ணி பட்டதுக்கு அப்புறம் கரண்ட் போட்டீங்களாண்ணே?”

“போடல தம்பி.”

“அப்போ பொழைக்கும். விட்டுட்டுப் போங்க.”

மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்டு டிஸ்க்கும் போயே போய்விட்டன. மதர்போர்டைக் கழற்றி, பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டு, ஐபிஏ என்ற ஆல்கஹாலை ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவைத்தார். கிராபிக்ஸ் கார்டைப் பிரித்து, சூட்டைக் கடத்துகிற, ஆனால் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார். எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். “எதுக்குண்ணா இந்தத் தலைவலி, இஎம்ஐ-ல புதுசு எடுத்துடுங்க” என்று ஆபீசில் சொல்லாதவர் இல்லை. இந்த மடலை அந்த மெஷினில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு 41 வயது. டிவி கேமில் கேசட்டை உருவி, ஊதி, மறுபடி செருகி ‘கான்ட்ரா’ ஆடிய தலைமுறை. காலேஜ் நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, பக்கத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டே ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆடியவர்களில் ஒருவன். இந்தப் பொழுதுபோக்கு எனக்கு நண்பர்களைக் கொடுத்தது, ஆங்கிலம் கொடுத்தது, அப்பா தவறிப்போன வருஷத்தில் தூக்கம் வராத ராத்திரிகளைக் கடக்க ஒரு வழி கொடுத்தது. “இன்னும் கேம் ஆடறியா?” என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. உங்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. கையில் இருக்கிற மெஷினை, போனை, கன்சோலை, அது உண்மையிலேயே சாகும்வரை வைத்திருங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2021 பிப்ரவரியில் சோனியின் பிஎஸ்5 கன்சோல் இந்தியாவுக்கு வந்தபோது நம்மில் எத்தனை பேர் அதற்கு அலைந்தோம் என்று நினைவிருக்கும். முன்பதிவு திறந்த சில நிமிடத்தில் முடிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. சிப் தட்டுப்பாடு என்று எல்லோரும் சொன்னோம். அதே மாதங்களில் தைவானில் என்ன நடந்தது என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன்.

பிஎஸ்5-இன் சிப்பும், இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகளின் சிப்பும் பெரும்பாலும் தைவானில் டிஎஸ்எம்சி என்ற சிப் நிறுவனத்தின் ஆலைகளில் உருவாகின்றவை. ஒரு சிலிக்கான் தட்டில் அடுக்கடுக்காகச் சுற்றுகளைப் பொறிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் அதைத் தூய நீரால் கழுவ வேண்டும். அந்த ஆலைகளுக்குத் தண்ணீர்தான் உயிர். தைவானின் அணைகளை நிரப்புவது புயல்கள். 2020-இல் அந்தத் தீவில் ஒரு புயல்கூடக் கரையேறவில்லை. 56 ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. 2021 வசந்தத்தில் அணைகள் வறண்டன. டிஎஸ்எம்சி லாரிகளில் தண்ணீர் வரவழைத்தது. இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நெல்வயல்களுக்குப் பாசனத்தை அரசு நிறுத்தி, விவசாயிகளுக்கு நிவாரணம் கொடுத்து, இந்தப் பருவம் நடாதீர்கள் என்றது.

மேட்டூர் எப்போது திறக்கும் என்று ஜூன் மாதம் வானத்தைப் பார்த்து நிற்கிற ஊர் நம்முடையது. அப்பாவின் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். குறுவை போன வருஷங்களில் சித்தப்பா வீட்டில் நிலவிய அமைதியைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செய்தியைப் படித்ததும் அந்த வீடுதான் கண்முன் வந்தது. நான் கேட்ட கார்டுக்கும், ஏதோ ஒரு தைவான் விவசாயி தரிசாகப் போட்ட வயலுக்கும் இடையே ஒரே அணையின் தண்ணீர் இருந்திருக்கிறது. ஆலை செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்டின் பிழைப்பே அதில் இருக்கிறது. ஆனால் ஒரு கார்டின் விலை பில்லில் போட்டிருக்கும் தொகையோடு முடிவதில்லை என்பது அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை.

என் பழைய ஜிடிஎக்ஸ் 1060, 2016-இல் வந்த கார்டு. அது இழுக்கும் மின்சாரம் 120 வாட். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 முழுவீச்சில் ஓடினால் 575 வாட். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் அப்படி ஓடினால், கார்டு மட்டும் 2.3 யூனிட். இரண்டு மாதத்துக்கு 138 யூனிட். 2025-இல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தந்த 100 யூனிட்டை அந்த ஒரு கார்டே குடித்து முடித்திருக்கும். மானிட்டர், சிபியு, அந்த அறையின் சூட்டைத் தணிக்க ஓடும் ஏசி எல்லாம் தனி. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், அந்த 138 யூனிட்டுக்கு 97 கிலோ. இந்தக் கணக்கு காற்றில் இருப்பது என்று யாருக்காவது தோன்றினால் ஒருமுறை எண்ணூர் போய் வரட்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகம் என்ன ஆனது என்று அங்கே இறால் பிடிக்கிறவர்கள் காட்டுவார்கள்.

காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். மழை பெய்யும்போது அதெல்லாம் சேர்ந்து இறங்கும். எங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றிலும் நிரப்பிக் கட்டியதும், தண்ணீர் போகிற வழிகளை அடைத்ததும் பெரிய காரணங்கள். ஆனால் இரண்டும் சேர்ந்துதான் அம்மாவை இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க வைத்தது.

மின்சாரத்தைவிட எனக்கு அதிகம் உறுத்துவது தயாரிப்பு. நம் ஊரில் கேம் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் போனில்தான் ஆடுகிறார்கள். ஒரு போன் தன் ஆயுள் முழுக்க உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி, நீங்கள் அதை முதன்முதலாக ஆன் செய்வதற்கு முன்பே, சுரங்கத்திலும் ஆலையிலும் வெளியேறி முடிந்துவிடுகிறது. அதனால் இரண்டு வருஷத்தில் மாற்றுகிற போனை ஐந்து வருஷம் வைத்திருப்பதைப்போல நம்மால் செய்யக்கூடியது வேறு அதிகம் இல்லை. 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது அதில் 22.3 விழுக்காட்டுக்குத்தான். மீதியில் ஒரு பகுதி, செம்புக்காக ஒயரை எரிக்கிற ஏதோ ஒரு கொல்லைப்புறத்துக்குப் போகிறது. அங்கே அந்தப் புகைக்கு நடுவில் நிற்கிறவர்களில் உங்கள் வயதுக்காரர்களும் இருக்கிறார்கள்.

இனி உலக நடப்புக்கு வருகிறேன். “கேம் ஆடறவனுக்கு எதுக்கு அரசியல்?” என்று உங்களில் சிலர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அரசியல் நம் போனுக்குள் வந்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகள் மோதின. நம் தரப்பில் 20 பேர் உயிரிழந்தார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். அந்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பப்ஜி மொபைலும் இருந்தது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலை கடைசியில் மறுபடி காணாமல் போனது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. மூன்றே ஆண்டுக்குள் இரண்டு முறை போய், இரண்டு முறை திரும்பி வந்த கேம் அது.

அந்த நாட்களில் வாய்ஸ் சாட்டில் நான் கேட்டதை இப்போது நினைத்தாலும் கசக்கிறது. மணிப்பூர்ப் பையன் ஒருவனை அவன் பேச்சை வைத்துச் சீனாக்காரன் என்று திட்டினார்கள். அவன் “பையா, நான் இம்பால்” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியேறிவிட்டான். அவன் உண்மையிலேயே சீனாவின் செங்டுவில் இருந்து ஆடுகிற பையனாக இருந்திருந்தாலும் கல்வானில் நடந்ததற்கு அவன் என்ன செய்திருக்க முடியும்? எல்லை பதற்றமாகிற ஒவ்வொரு முறையும் இது திரும்ப வருகிறது. உங்கள் ஸ்குவாடில் அப்படி யாராவது பேச ஆரம்பித்தால் தயவுசெய்து தடுத்துப் பேசுங்கள். அங்கே இருக்கிற நாலு பேரில் ஒருவர் சொன்னால் போதும், அடங்கிவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

போரைப் பற்றிய கேம் என்றால் எனக்கு ‘திஸ் வார் ஆஃப் மைன்’தான். போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-இல் வெளியிட்டது. போஸ்னியப் போரில் சரயேவோ நகர முற்றுகையில் சிக்கிய சாதாரண மக்களின் அனுபவங்களிலிருந்து பிறந்தது. துப்பாக்கியோடு ஓடுகிற வீரன் அதில் நீங்கள் இல்லை. இடிந்த வீட்டில் அடுப்புக்கு விறகும் காய்ச்சலுக்கு மருந்தும் தேடுகிற ஆள். 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது அந்த நிறுவனம் ஒரு வாரத்து விற்பனை வருமானத்தை உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தது. வன்னியில் பதுங்குகுழிக்குள் சிறுவயதைக் கழித்த நண்பர் ஒருவருக்கு இதை ஆடச் சொல்லிக் கொடுத்தேன். கேமுக்குள் மூன்றாம் நாளுக்கு மேல் அவரால் போக முடியவில்லை. “அந்த அடுப்புச் சத்தம் சரியா இருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு மெளஸை என் பக்கம் நகர்த்திவிட்டார். அதன் பிறகு நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. உங்களில் யாரும் இன்னும் ஆடவில்லை என்றால் ஆடிப் பாருங்கள். என் ஒன்பது வயது மெஷினில் அது தாராளமாக ஓடுகிறது.

மெஷினைக் காப்பாற்றினால் போதாது, கேமும் இருக்க வேண்டுமே. யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் 2014-இல் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமை விற்றது. தனியாக ஆடுவதற்குக்கூட அதற்கு அவர்களுடைய சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு முடிந்தது. ராஸ் ஸ்காட் என்ற ஒரு தனிமனிதர் இதை எதிர்த்து ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்று ஒரு இயக்கம் ஆரம்பித்தார். அவர் கேட்டது சர்வரைக் காலாகாலத்துக்கும் ஓட்டச் சொல்லி இல்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஆடிக்கொள்ள ஏதாவது ஒரு வழியை விட்டுப் போங்கள் என்றார், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நம்மால் அதில் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் உலகத்தில் கேமர்கள் அதிகம் இருக்கிற நாடுகளில் நம் நாடும் ஒன்று. நாம் எதை வாங்குகிறோம், எதை வாங்க மறுக்கிறோம் என்பதைக் கம்பெனிகள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: நெட் இல்லாமல் இது ஓடுமா?

போன கோடை விடுமுறையில் தங்கை மகன் வந்திருந்தான். பரணில் இருந்து பழைய டிவி கேமை இறக்கி, கேசட்டை ஊதிச் செருகினேன். ‘கான்ட்ரா’ முதல் முயற்சியிலேயே வந்தது. முப்பது வருஷம் ஆகிறது அதற்கு. எந்த சர்வரையும் கேட்கவில்லை, எந்தக் கணக்கிலும் நுழையச் சொல்லவில்லை. “மாமா, இதுக்கு அப்டேட் வராதா?” என்றான் அவன்.

நடைமுறைக்கு வருவோம். போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பல போன்களுக்கு அதுவே இன்னும் இரண்டு வருஷம் கொடுக்கும். சார்ஜில் போட்டுக்கொண்டே மணிக்கணக்கில் ஆடாதீர்கள், பேட்டரி உப்பிப்போக அது முக்கியமான காரணம். கம்ப்யூட்டரில் பிரேம் ரேட்டை, அதாவது ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கையை, 60-இல் கட்டிவையுங்கள். போட்டியில் ஆடுகிறவர்களுக்கு 144 தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை; கதை கேமுக்குத் தேவையில்லை. கார்டின் பேன் சத்தம் அடங்குவதிலேயே வித்தியாசம் தெரியும்.

கன்சோலை ஸ்லீப்பில் விடாமல் முழுதாக நிறுத்துங்கள். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் இதையே இயல்பான அமைப்பாக மாற்றியபோது, எங்கள் கன்சோலைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அமெரிக்காவில் சில அரசியல்வாதிகள் கொதித்தார்கள். மெஷின் ஆன் ஆகக் கொஞ்ச நேரம் கூடுதலாக ஆகும், மாற்றம் அவ்வளவுதான். அணைந்திருக்கும்போது இழுக்கும் மின்சாரமோ ஸ்லீப்பில் இழுப்பதில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இறங்குகிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 என் பிராசசரை ஏற்காது. உங்களில் நிறைய பேருக்கு இதே நிலைமை இருக்கும், கடைக்காரர் புதுசு எடுக்கச் சொல்லியிருப்பார். நான் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸுக்கு மாறினேன். முதல் வாரம் சிரமமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கேம் விற்கும் தளமான ஸ்டீமில் புரோட்டான் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸுக்கு எழுதிய கேம்களை லினக்ஸில் ஓட்டுவதற்கு. என்னிடம் இருக்கிற கேம்களில் பெரும்பாலானவை எந்த மாற்றமும் இல்லாமல் ஓடுகின்றன. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் ஆன்டி-சீட் உள்ள சில ஆன்லைன் கேம்கள் ஓடாது. அதைத் தெரிந்துகொண்டே மாறுங்கள்.

உண்மையிலேயே செத்துப்போன பாகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, விற்ற பொருளின் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்கள் மூலம் கையாளச் செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. கம்பெனிகளைக் கேளுங்கள். எங்கே கொடுக்க வேண்டும் என்று தெளிவாகப் பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.

சாகாத பாகங்களுக்குத்தான் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. நம்மில் ஒவ்வொருவர் வீட்டு அலமாரியிலும் ஒரு ரேமோ, பழைய கார்டோ, வேலை செய்கிற கீபோர்டோ தூங்குகிறது. அது இல்லாததால் மெஷின் ஓடாத ஒரு பையனோ பெண்ணோ பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். உங்கள் கிளானில், உங்கள் காலேஜ் குரூப்பில் ஒரு பட்டியல் ஆரம்பியுங்கள். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும். விலை போடாதீர்கள்.

என் பக்கத்திலிருந்து: 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, வெள்ளத்தில் நனையாதவை. 19 இன்ச் மானிட்டர் ஒன்று, இடது ஓரத்தில் ஒரு கோடு விழும், மற்றபடி நன்றாக இருக்கிறது. 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று. வேளச்சேரி ரயில் நிலையத்துக்கு வந்தால் சனிக்கிழமை மாலை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
வேளச்சேரி